பாட்டி முதல் பேரன் வரை எட்டுப் பேர்: கிரேக்கத்தில் ஸ்டூபா சரிப்படுமா?

நடைவண்டி, பிப்ரவரி 9
ஜூலை கடைசியில பத்து ராத்திரி. மாமியாருக்கு 76 (முழங்கால் தேய்மானம், இன்சுலின்), மாமனாருக்கு 79, ரெண்டு தம்பதி, 14 வயசுப் பொண்ணு, 3 வயசுப் பையன். சாந்தோரினி படிக்கட்டெல்லாம் வேண்டாம்னு பெலொபொனீஸ் தீபகற்பத்துக்குத் தெற்குல மானிப் பக்கம் ஸ்டூபாவைப் பிடிச்சிருக்கோம். ஊருக்கு மேல குன்றுல நாலு படுக்கையறை வில்லா, நீச்சல்குளம், பால்கனியில நின்னா கடல். எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில இருக்கிறதுதான் குடும்பச் சுற்றுலாவுக்குச் சரி. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

உப்புக்காற்று, பிப்ரவரி 9
மறுக்கிறேன். ஊர் சரி, வீடு தப்பு.

ஸ்டூபாவின் அருமையே அதன் தரை மட்டம்தான். பிறை மாதிரி ஒரு மணல் விரிகுடா, அதை ஒட்டி ஒரு தெரு, தெருவில் தவெர்னாக்கள் (சின்னச் சாப்பாட்டுக்கடைகள்), பின்னால் மளிகை, மருந்துக்கடை. முழங்கால் வலிக்காரரும் குடையை ஊன்றிக்கொண்டு தானே போய்த் தானே திரும்பலாம். குன்றின் மேல் வீடு எடுத்தால் அது போச்சு. "கடல் தெரியும்" என்று விளம்பரத்தில் இருந்தால் "மேடு" என்று படியுங்கள். நெயோஹோரி பக்கம் ஏறும் சாலையில் நடைபாதை கிடையாது. ஒரு ரொட்டி வாங்கவும் கார் எடுக்கணும். பையனுக்குத் தூக்கம் வந்தால் மொத்தக் குடும்பமும் கிளம்பணும். பதினாலு வயசுப் பெண் ஐஸ்கிரீம் வாங்கப் போகவும் அப்பா சாவியைத் தேடணும். மாமியார் பத்து நாளும் பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊருக்குள் தரைத்தளத்தில், ஒரே முற்றத்தைப் பார்த்த மாதிரி நாலு சின்ன ஸ்டூடியோ எடுங்கள். அவரவர் நேரத்துக்கு அவரவர் காலால் அறைக்குத் திரும்ப முடிந்தால் பாதிச் சண்டை வராது.

நடைவண்டி, பிப்ரவரி 9
நாலு அறைன்னா செலவு கூடாதா? ராத்திரி எல்லாரும் எங்க உட்கார்ந்து பேசுறது?

உப்புக்காற்று, பிப்ரவரி 10
பேசுவதற்கு முற்றம் இருக்கிறது. குடும்பமே நடத்தும் அறை விடுதிகளில் திராட்சைப் பந்தலுக்கோ எலுமிச்சை மரத்துக்கோ கீழே ஒரு நீள மேசை போட்டுக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

செலவில் எல்லோரும் கோட்டைவிடும் ஒரு கணக்கு உண்டு. காலநிலைக் கட்டணம் என்று அரசு வசூலிப்பது ஓர் இரவுக்கு, ஓர் அறைக்கு அல்லது வீட்டுக்கு இவ்வளவு. ஆள் கணக்கு கிடையாது. பெரும்பாலும் முன்பதிவுத் தொகையில் சேராது, போய் இறங்கியதும் கேட்பார்கள். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களுக்கான விகிதம்: ஒன்று, இரண்டு நட்சத்திர ஹோட்டலுக்கும் பதிவுபெற்ற வாடகை அறைகளுக்கும் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. குறுகிய கால வாடகைக்கு விடும் குடியிருப்புக்கு 8. அதுவே 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீடு அல்லது வில்லா என்றால் 15.

உங்கள் பத்து இரவுக்குப் போட்டுப் பாருங்கள். வில்லா 150 யூரோ. நாலு வாடகை அறை 80. ஆனால் அந்த நாலும் குறுகிய கால வாடகைக் குடியிருப்பாகப் பதிவாகியிருந்தால் 320. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த வகை உரிமம், கட்டணம் எவ்வளவு என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஈலிங்வாசி, பிப்ரவரி 10
உரிமையாளரிட்ட இன்னும் கொஞ்சம் கேக்கோணும். வாசலில எத்தனை படி ("தரைத்தளம்" எண்டு சொல்லிப்போட்டு ஆறு படி வைச்சிருப்பினம்). குளிக்கிற இடத்தில விளிம்பு எவ்வளவு உயரம். பழைய ஸ்டூடியோக்களில ஒரு சாண் உயரத் தொட்டியும் ஒரு திரைச்சீலையும்தான், பிடிக்கக் கம்பி இராது. அம்மம்மாவுக்கு வழுக்காத ரப்பர் விரிப்பொண்டு வீட்டிலயிருந்தே கொண்டுபோங்கோ. சின்னவனுக்கு பால்கனிக் கம்பி இடைவெளி. ஏசி ஒவ்வொரு அறைக்கும் இருக்கோ, இல்லை நடுவில ஒண்டோ.

உப்புக்காற்று, பிப்ரவரி 12
கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கும். மாலை ஏழு மணிக்கு எட்டுப் பேரும் மணலோடு வந்து வரிசையாகக் குளித்தால் ஐந்தாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். மின்பலகையில் தெர்மோசிஃபோனோ என்று தனி சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அரை மணி முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கணும். ஏசி, வெந்நீர், மின்னடுப்பு மூன்றும் சேர்ந்து ஓடினால் பழைய கட்டடங்களில் டிரிப் ஆகும். ஒன்றை அணைத்துவிட்டுச் சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும்.

கழிப்பறைக் காகிதம் குப்பைக்கூடையில்தான். குழாய்கள் குறுகல். காகிதம் போட்டால் முற்றத்து மேசைப் பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருக்கும்.

நடைவண்டி, பிப்ரவரி 14
சரி, வில்லாவை விட்டாச்சு. மாமியார் கடலில் இறங்கணும்னு ஆசைப்படுறாங்க. ஸ்டூபா கடல் எப்படி?

உப்புக்காற்று, பிப்ரவரி 14
ஆழம் மெதுவாகக் கூடும், அடியில் மணல், பெரும்பாலும் அலையே இருக்காது. ஜூலையில் ஏஜியன் தீவுகளைப் புரட்டிப்போடும் மெல்தெமி காற்று டைகெடோஸ் மலைக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. பிற்பகலில் கடல் காற்று கொஞ்சம் சிலுசிலுக்கும், அவ்வளவுதான். ஜூலை கடைசியில் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு விசேஷம்: மலையிலிருந்து நிலத்தடியில் வரும் நன்னீர் ஊற்றுகள் கடலுக்குள்ளேயே பொங்குகின்றன. ஸ்டூபாவிலும் உண்டு, பக்கத்து விரிகுடா கலோக்ரியாவிலும் உண்டு. இளஞ்சூட்டில் நீந்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று பனிக்கட்டித் தண்ணீர் காலைத் தொடும். இளசுகளுக்கு விளையாட்டு, இதய நோயாளிகளுக்கு விளையாட்டில்லை. ஊற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் எண்ணெய் கலந்த மாதிரி கலங்கலாக நெளியும். முதல் நாள் பெண்ணை விட்டு அந்த இடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் அதற்குத் தள்ளி இறங்கட்டும்.

சேலையோடு இறங்கினால் நனைந்த துணியின் கனமே முழங்காலுக்கு எதிரி. லெகிங்ஸும் முழுக்கைச் சட்டையும் போதும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆழிமணல், பிப்ரவரி 15
மணல் கடற்கரைதானே, ரப்பர் செருப்பு எதுக்குன்னு நிறையப் பேர் விட்டுடறாங்க. பக்கத்து ஊர் கார்டமிலியில ரிட்ஸா, அப்புறம் ஃபோனெயாஸ், ரெண்டும் கூழாங்கல். அங்க செருப்பு இல்லாம நடக்க முடியாது, ஃபோனெயாஸ்ல ஆழமும் சட்டுனு கூடும். ஸ்டூபாவுக்கு வேண்டியதில்லை.

உப்புக்காற்று, பிப்ரவரி 15
ஸ்டூபாவிலும் போடணும் என்பேன், இரண்டு காரணத்துக்காக. ஒன்று, திராகேனா என்ற மீன். ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும், முதுகு முள்ளில் விஷம். மிதித்தால் உயிர் போகும் வலி. முதலுதவி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்), அரை மணி நேரம் காலை அதிலேயே வைக்கணும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு என்றால் சூட்டை வேறொருவர் தன் கையில் பார்த்த பிறகே.

இரண்டாவது, பன்னிரண்டு மணி மணல். உணர்ச்சி குறைந்த பாதம் கொப்புளித்த பிறகுதான் தெரியும். உங்கள் மாமியார் ஓரடிகூட வெறுங்காலில் வைக்கக் கூடாது.

விரிகுடாவின் இரு ஓரத்துப் பாறைகளிலும் கடல்முள்ளெலி இருக்கும். முள்ளைக் கத்தியால் தோண்டாதீர்கள். மேலே தெரிவதைச் சாமணத்தால் எடுங்கள், மிச்சத்தை மருந்துக்கடையில் காட்டுங்கள்.

ஈலிங்வாசி, பிப்ரவரி 16
சாய்வுக்கட்டில் தாழ்வு. முழங்கால் ஏலாத ஆக்கள் இருந்தால் எழும்ப ஏலாது. எந்தத் தவெர்னாவின்ர குடைக்குக் கீழ இருக்கிறியளோ அவையிட்ட ஒரு சாதா மரக் கதிரை கேளுங்கோ, தருவினம். கன இடங்களில ஏதாவது குடிச்சால் கட்டில் இலவசம், சில இடங்களில முன் வரிசைக்குத் தனிக் காசு. இருக்க முன்னமே கேளுங்கோ. கடற்கரை எல்லாருக்கும் பொது. உங்கட சொந்தக் குடையை விரிக்க இடம் விட்டிருக்கோணும் எண்டு 2024 சட்டம் சொல்லுது.

உப்புக்காற்று, பிப்ரவரி 16
நேரத்தையும் சொல்லிவிடலாம். காலை எட்டு முதல் பதினொன்று வரை கடல். பிறகு நிழல், சாப்பாடு, தூக்கம். கோடையில் பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை வரை சட்டப்படியே அமைதி நேரம்; முற்றத்தில் பந்து விளையாடினால் பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் திறப்பார். ஐந்தரைக்கு மேல் மறுபடி கடல். ஜூலையில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும். ராத்திரி பத்து மணிக்கும் மூன்று வயசுப் பிள்ளைகள் கடலோரத்தில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் பையனையும் மதியம் நன்றாகத் தூங்கவைத்தால் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடலாம்.

நடைவண்டி, பிப்ரவரி 20
சாப்பாடு. மாமனார் மாமியார் சுத்த சைவம். மத்தவங்க மாடு சாப்பிட மாட்டோம். பயமா இருக்கு.

உப்புக்காற்று, பிப்ரவரி 20
பயமே வேண்டாம், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை உங்களுக்காக வேலை செய்து வைத்திருக்கிறது. நோன்பு நாட்களுக்கென்றே மாமிசம், பால், முட்டை இல்லாத ஒரு சமையல் முறை அவர்களிடம் உண்டு. அந்தச் சாப்பாட்டுக்கு நிஸ்திசிமோ என்று பேர். அதில் கணவாயும் இறாலும் சேர்த்தி, அதனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகையை லதெரா என்பார்கள். கேட்க வேண்டியவை:

ஃபசோலாக்கியா, தக்காளியில் வெந்த பச்சை பீன்ஸ். பிரியாம், கத்தரி, சுரைவகை, உருளை சேர்த்து அடுப்பில் சுட்டது. யிகாந்தெஸ், பெரிய வெள்ளை மொச்சை. ஃபாவா, மசித்த மஞ்சள் பருப்பு. இதில் எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்து மாமனாரிடம் கொடுத்தால் பருப்பு என்றே ஒத்துக்கொள்வார். ஹோர்த்தா, வேகவைத்த கீரை. யெமிஸ்தா, சோறு அடைத்த தக்காளியும் குடைமிளகாயும், சில வீடுகளில் கொத்துக்கறியும் அடைப்பார்கள், "ஹோரிஸ் கிமா?" (கொத்துக்கறி இல்லாமலா?) என்று கேட்டு உறுதிசெய்யணும்.

மாடு விலக்குபவர்களுக்கு: மூசாக்கா, பஸ்தீட்சியோ, பிஃப்தேக்கி இவற்றில் பெரும்பாலும் மாட்டுக் கொத்துக்கறி. கெஃப்தேதெஸ் உருண்டையில் மாடும் பன்றியும் கலந்திருக்கும். சூவ்லாக்கி, யீரோஸ் என்றால் சொல்லாவிட்டால் பன்றி. கோழி கொதோபூலோ, ஆட்டுக்குட்டி அர்னி, வெள்ளாடு கட்சீக்கி. வெள்ளாட்டுக்கறி கிடைக்கும் ஊர் ஐரோப்பாவில், அனுபவியுங்கள்.

எட்டுப் பேருக்கு எட்டுத் தட்டு சொல்லாதீர்கள். நடுவில் வைத்துப் பகிர ஐந்தாறு சின்னத் தட்டு, ஒரு பெரிய சாலட், இரண்டு மூன்று கறி. அதுவே மிச்சமாகும். மீன் கிலோ விலை. எடை போட்டுக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை, அங்கே வழக்கமே அதுதான். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி அல்லது "கத்." என்று இருந்தால் உறைபனி மீன். நெத்திலியும் மத்தியும் மலிவு, புதுசாகவும் இருக்கும்.

காரம் வேண்டுமென்றால் புக்கோவோ கேளுங்கள், மிளகாய்த் தூள்செதில். ஏதோ ஓரளவு.

ஆழிமணல், பிப்ரவரி 21
ஆகஸ்ட்ல மீன் தட்டைச் சுத்திக் குளவி மொய்க்கும். பரிமாறுறவர் ஒரு சாசர்ல காப்பித் தூளைக் கொளுத்திப் புகைய விடுவார். அது வாசனைக்கு இல்லை, குளவிக்கு.

நடைவண்டி, பிப்ரவரி 22
ஒரு வேளை தயிர்சாதம் இல்லாம மாமனார் இருக்க மாட்டார். குக்கர், அரிசி, நெய், கறிவேப்பிலை எல்லாம் கட்டிக்கிட்டுப் போறோம்.

உப்புக்காற்று, பிப்ரவரி 22
நெய்யை இறக்கி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் மாமிசமும் பயணிகள் கொண்டுவரத் தடை. பிடித்தால் குப்பைத்தொட்டி. புதுக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். காயவைத்துப் பொடியாக்கிப் பருப்புப் பொடியில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை. ஆக, கொத்து கறிவேப்பிலைக்கு வாசலில் தடை. முழுத் தேங்காயோடு ராஜநடை போடலாம்.

பாஸ்மதி அங்கேயே கிடைக்கும். தயிர் கவலை வேண்டாம், ஆனால் கிரேக்கத் தயிர் வடிகட்டியது, கெட்டி. சாதத்தில் போட்டுப் பிசைந்தால் களி மாதிரி ஆகும். இரண்டு பங்கு தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர், கொஞ்சம் பால். புளிப்பு வேண்டுமென்றால் ஆட்டுப்பால் தயிர். கடுகு, பெருங்காயம் மட்டும் எடுத்துப் போங்கள். ஸ்டூடியோவில் இரண்டு மின்தட்டு அடுப்பு இருக்கும், சூடேறவே பத்து நிமிடம். குக்கருக்கு இந்தியப் பிளக் அங்கே நுழையாது. இரண்டு உருண்டைக் குச்சி ஐரோப்பிய அடாப்டர், குக்கரின் வாட் தாங்குவதாகப் பார்த்து வாங்கணும்.

ஈலிங்வாசி, பிப்ரவரி 23
நாங்கள் லண்டனில இருந்து போறதெண்டாலும் அதே சட்டம்தான். பிரிட்டன் வெளியில வந்த பிறகு சீஸ் சாண்ட்விச்சும் கொண்டுபோக ஏலாது.

நடைவண்டி, மார்ச் 2
விசா?

உப்புக்காற்று, மார்ச் 2
ஷெங்கன். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேரம் கிடைப்பதே பெரும்பாடு, இப்போதே எடுங்கள். 12 வயது முதல் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழ் இலவசம். பையனுக்கும் தனி விண்ணப்பம் உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு மலிவுப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோயை விலக்கியிருக்கும். விசாவுக்கு அது போதும், மாமியாருக்குப் போதாது. அந்த இரண்டு பேருக்கு மட்டும் தனியாக நல்லதாக எடுங்கள்.

ஆழிமணல், மார்ச் 3
போற வழி. கலமாட்டாவுக்கே விமானம் கிடைச்சா நல்லது, ஆனா ஐரோப்பிய ஊர்கள்ல இருந்து சீசனுக்கு மட்டும்தான். சென்னைலேர்ந்துன்னா ஏதென்ஸ்ல இறங்கி நெடுஞ்சாலை, கலமாட்டா மூணு மணி நேரம், சுங்கம் உண்டு. கலமாட்டாவுக்கு அப்புறம் ஸ்டூபா சுமார் 45 கிலோமீட்டர்தான், ஆனா ஒரு மணி நேரம்னு வைங்க. காம்போஸ் தாண்டினதும் வளைவு மேல வளைவு. பையனுக்குப் பால் கொடுக்காதீங்க, காம்போஸ்ல நிறுத்தி இறக்கி நடக்கவைங்க.

உப்புக்காற்று, மார்ச் 3
ஒன்பது இருக்கை வேனைவிட இரண்டு சின்னக் கார் மேல். பழைய கிராமச் சந்துகளில் வேன் திரும்பாது. அதோடு பாதிப் பேர் வீடு திரும்பும்போது மீதிப் பேர் இருக்கலாம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆர்டிஓவில் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். ஆட்டோமேட்டிக் கார் குறைவு, முதலிலேயே பதிவு செய்யணும். நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர் விளக்கடித்தால் கோபமில்லை, ஓரக் கோட்டின் மேல் ஒதுங்கி வழிவிடச் சொல்கிறார்.

இரண்டாவது காரை மூன்றாம் நாள் எடுத்தால் போதுமோ என்றும் தோன்றுகிறது. வந்ததும் இரண்டு நாள் யாரும் எங்கும் போகப்போவதில்லை. வரும்போது மட்டும் டாக்சி வேன்.

ஈலிங்வாசி, மார்ச் 8
மருந்து. குளிசை எல்லாத்தின்ரயும் மூலப்பெயரோட வைத்தியரின்ர கடிதம். கோடீன் கலந்த வலிக்குளிசைக்கு கிரேக்கத்தில கட்டுப்பாடு, சீட்டில்லாமல் கொண்டுபோகாதேங்கோ. இன்சுலின் கைப்பையில. அறைக் குளிர்பெட்டியின்ர பின்சுவரில முட்ட வைச்சால் உறைஞ்சு பழுதாகும், கதவுத் தட்டில வையுங்கோ. கோடையில இந்தியாவை விட இரண்டரை மணி பின்னுக்கு, அதுக்கேத்த மாதிரி ஊசி நேரத்தை வைத்தியரிட்டக் கேளுங்கோ. ராச்சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் களைகட்டும், அம்மம்மாவுக்கு ஏழு மணிக்கே கடற்கரைத் தவெர்னாவில ஏதாவது குடுத்துவிடோணும்.

உப்புக்காற்று, மார்ச் 8
அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 166. சுகாதார நிலையம் பக்கத்து ஊரான ஆயியோஸ் நிகோலாவோஸில். பெரிய ஆஸ்பத்திரி கலமாட்டாவில், அதாவது அந்த வளைவுச் சாலை வழியே ஒரு மணி நேரம். இதய நோய் உள்ளவர்கள் இந்த ஒரு மணி நேரத்தை எண்ணிப்பார்த்துத்தான் மானியைத் தேர்ந்தெடுக்கணும். காட்டுத்தீ எச்சரிக்கை வந்தால் எல்லா கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறும், கீழே ஆங்கிலத்திலும் இருக்கும். ஊரைக் காலிசெய்யச் சொன்னால் பெட்டி கட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

நடைவண்டி, ஏப்ரல் 1
பொண்ணு கேட்கிறா: பத்து நாளும் கடலைத் தவிர என்ன?

ஆழிமணல், ஏப்ரல் 1
டிரோஸ் குகை. ஒரு மணி நேர டிரைவ். நிலத்தடி ஏரியில படகு 1,200 மீட்டர், அப்புறம் 300 மீட்டர் நடை. தலையைக் குனியணும், உள்ள குளிரும், ஒரு மேல்சட்டை எடுங்க. முழங்கால்காரங்களுக்குப் படகுல ஏறி இறங்குறதுதான் கஷ்டம்.

உப்புக்காற்று, ஏப்ரல் 2
மாமியாரை விட்டுப் போங்கள், அன்றைக்கு அவருக்கும் உங்களிடமிருந்து விடுமுறை. எல்லோருமாகப் போக ஆயியோஸ் நிகோலாவோஸ் போதும். கடலை ஒட்டிய சமதளச் சாலையில் மூன்று கிலோமீட்டர், இளசுகள் நடக்கலாம், பெரியவர்கள் காரில். சின்னத் துறைமுகம், வலை காயும், காப்பிக்கடை வரிசை. மாமனார் அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். காப்பி சொல்லும்போதே சர்க்கரை அளவும் சொல்லணும்: ஸ்கேத்தோ சர்க்கரை இல்லாமல், மேத்ரியோ மிதமாக. அடியில் மண்டியிருக்கும், கலக்காமல் மேலாகக் குடிக்கணும்.

கலோக்ரியாவுக்கு நடந்துபோனால் 1917-இல், 'ஸோர்பா த கிரீக்' நாவலை எழுதிய நிகோஸ் கசன்ட்சாகிஸ் தங்கியிருந்த கரை. அருகே பிராஸ்டோவாவில் யோர்கோஸ் ஸோர்பாஸுடன் (நாவலின் ஸோர்பாவுக்கு மூலம் இவர்தான்) பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நடத்தினார், அது நொடித்துப்போனது. பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் அங்கும் நல்ல மணல்தான்.

நடைவண்டி, ஏப்ரல் 19
நாலு ஸ்டூடியோ போட்டாச்சு, வாடகை அறை உரிமம், ரெண்டு யூரோதான்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. கடைசி நாள் சிக்கல்: அறையைக் காலை 11க்குக் காலி பண்ணணும், ஏதென்ஸ்ல விமானம் மறுநாள் அதிகாலை.

உப்புக்காற்று, ஏப்ரல் 19
மூன்றைக் காலிசெய்யுங்கள், நாலாவதை மட்டும் இன்னோர் இரவுக்குப் பணம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள், மதியத் தூக்கம், இன்சுலின், கடைசிக் குளியல் எல்லாம் அதில். மாலை ஆறுக்குக் கிளம்பினால் வளைவுகளை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அறையாகப் பார்த்து இப்போதே சொல்லிவிடுங்கள்.